கால்மாட்டுப் பட்டு

என் சகுந்தலாக்காவுக்கு, உன் பச்சையம்மா எழுதுவது.

நீ இருந்த வரைக்கும் உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. காலை எட்டு மணிக்கு லாட்ஜ் படியில் பார்ப்போம், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடப்போம். பேசி முடியாததை மறுநாள் பேசுவோம். இப்போது மறுநாள் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நிறுத்திய கை இது, எழுத்து கோணலாகத்தான் வரும். உனக்கு அதுவும் வராது, அதனால் குறை சொல்ல மாட்டாய்.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு முதல் வருஷ நினைவு நாள். படையல் போட்ட பிறகு உன் மகள் செல்வி இதை உன் படத்துக்கு முன்னால் படிப்பாள். வந்தவர்களும் கேட்கட்டும். உன்னிடம் மட்டும் சொல்லி முடித்துவிடுகிற விஷயமாக இருந்தால் நான் மனசுக்குள்ளேயே சொல்லியிருப்பேன்.

முதலில் வீட்டுச் சேதி. செல்விக்கு லாட்ஜில் உன் ரூம் வேலையே கிடைத்துவிட்டது. நீ மாட்டுகிற அதே ஆணியில்தான் அவளும் பையை மாட்டுகிறாள். என் பேத்தி யமுனா நர்சிங் இரண்டாம் வருஷம் போகிறாள். காலையில் அவள் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எனக்கு எந்த வேலையும் இல்லாவிட்டாலும் வாசலுக்கு வந்து நிற்பேன். நாலு பேர் பார்க்கட்டுமே. பெருமைப்பட எனக்கு வேறு என்ன இருக்கிறது, நீயே சொல்.

லாட்ஜைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. எல்லா ரூமிலும் ஏசி. பழைய இரும்புக் கட்டில்கள் போய்விட்டன. ஓட்டல் படிப்பு படித்த மேனேஜர் ஒருவர் வந்திருக்கிறார். வயது முப்பதுக்குள் இருக்கும். என்னை ஆயா என்றும் செல்வியை அக்கா என்றும் கூப்பிடுகிறார். கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

நம் காலத்தில் என்ன இருந்தது? மெத்தை மேல் பூப்போட்ட விரிப்பு ஒன்று, போர்த்த ஒரு போர்வை. மார்கழி, தை என்றால் கேட்பவருக்குக் கனத்த துப்பட்டி. வயசானவர் என்றால் கம்பளி. அதுவும் உடம்பில் குத்தும் என்று உள்ளே ஒரு போர்வையும் சேர்த்துக் கொடுப்பாய். கல்யாணக் கூட்டம் வந்தால் மாடி ஹாலில் ஜமக்காளம். வடக்கேயிருந்து பட்டு வாங்க வரும் வியாபாரிகளுக்கென்று பஞ்சு அடைத்த ரஜாய் ஒரே ஒன்று, பீரோவில் அந்துருண்டை வாசத்தோடு தூங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், துப்பட்டிக்கும் போர்வைக்கும் என்ன வித்தியாசம் என்று உன்னைக் கேட்டேன்.

“போர்வை காத்துக்கு, துப்பட்டி குளுருக்கு, கம்பளி பயத்துக்கு. போ, பக்கெட்ட எடு” என்றாய்.

பயத்துக்கு எதற்குக் கம்பளி என்று கேட்டதற்கு நீ பதில் சொல்லவே இல்லை.

உன் சிவப்பு நூலை இங்கே எழுதியாக வேண்டும், கேட்பவர்களுக்குத் தெரியாதல்லவா. ஒவ்வொரு போர்வையிலும் தலைமாட்டு ஓரத்தில் சிவப்பு நூலால் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் போட்டு வைப்பாய். யாருடைய கால் பட்ட பக்கமோ அது இன்னொருவர் முகத்துக்கு வரக்கூடாது என்பது உன் சட்டம். தறி வீட்டில் கேட்டால் பட்டு நூல் சும்மாவே கிடைக்குமே என்றேன். வெளுக்கிற பவுடரில் பட்டு கரைந்துபோகும் என்று சொல்லி நீ பருத்தி நூல்தான் வாங்கினாய். அந்தக் குறியை எந்த விருந்தாளியும் கவனித்ததில்லை. நீயும் யாருக்கும் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தப் போர்வைகளை எல்லாம் ஒரே நாளில் கட்டி அனுப்பிவிட்டு, புதிதாகப் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். மேனேஜர் எங்களை நிற்க வைத்து ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டினார்.

“இது ஃபிட்டட் ஷீட். இது ஃப்ளாட் ஷீட். இது பிளாங்கெட், இது கம்ஃபர்ட்டர், இது டூவே, இது டூவே கவர். ஒரு மாசம் டைம். அதுக்குள்ள வரலைன்னா கான்ட்ராக்ட்ல ஆள் எடுத்துக்கச் சொல்லிட்டாரு முதலாளி. நான் ஒண்ணும் பண்ண முடியாது ஆயா.”

“தம்பி, மனுசன் ஒருத்தன் படுக்கறதுக்கா இத்தினி?” என்றேன்.

“சிட்டியிலேருந்து வர்றவங்க கேக்கறாங்க ஆயா.”

செல்வி ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள்ளேயே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான். அன்று சாயங்காலமே யமுனாவின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்துத் தைத்து, என் பாஷையில் எழுதிக்கொண்டேன். உனக்கும் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மெத்தை மேல் முதலில் ஒரு தண்ணீர் புகாத விரிப்பு. அதன் மேல் ஃபிட்டட் ஷீட், நாலு மூலையிலும் ரப்பர் நாடா, மெத்தையைக் கவ்விக்கொள்ளும். அதன் மேல் ஃப்ளாட் ஷீட், அது நம் சாதாரண விரிப்புதான், ஆனால் படுப்பதற்கு இல்லை, உடம்புக்கும் போர்வைக்கும் நடுவில் இருப்பதற்கு. பிளாங்கெட் என்பது ஒற்றைத் துணி, குத்தாத கம்பளி என்று வைத்துக்கொள். குயில்ட் என்பது நம் ரஜாயின் ஒல்லித் தங்கச்சி. மூன்று அடுக்கு, மேலே கட்டம் கட்டமாகத் தையல். கம்ஃபர்ட்டர் இன்னும் குண்டு. அதில் பஞ்சையும் மேல்துணியையும் சேர்த்தே தைத்துவிட்டார்கள், அழுக்கானால் மொத்தமாக முக்க வேண்டும், நனைந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். டூவே பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அதற்கு உறை தனி. ஆள் உயரத் தலையணைக்கு உறை போட்ட மாதிரி. உறையை மட்டும் கழற்றி வெளுக்கலாம், உள்ளே இருப்பதை வெயிலில் காட்டினால் போதும். எனக்குப் பிடித்தது அதுதான். கண்டுபிடித்தவன் புத்திசாலி.

பெட் ஸ்ப்ரெட் என்று ஒன்று. தரை வரை தொங்கும். படுக்க வரும்போது அதை எடுத்து மடித்து வைத்துவிட வேண்டும். பகலில் கட்டிலை மூடி வைக்க மட்டும்.

“கட்டிலுக்குக் குளுருமா சின்னம்மா?” என்றாள் செல்வி.

எழுதி முடித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. பெயர்தான் பத்து. வகை இரண்டே இரண்டு. உடம்பில் படுவது ஒன்று, படாதது ஒன்று. பட்டதை ஆள் மாறினால் உடனே எடுத்துவிட வேண்டும். படாதது பார்வைக்கு. இதைச் செல்விக்குச் சொன்னதும் அவளுக்கும் பயம் தெளிந்தது. நீ சிவப்பு நூலில் வைத்திருந்த சட்டம்தானே இது.

டூவேக்கு உறை போடுவதுதான் பேஜார். உறையை உள்வெளியாகத் திருப்பி, இரண்டு கையையும் உள்ளே விட்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு, அப்படியே உதற வேண்டும். செல்வி உதறத் தெரியாமல் மூலையைத் தேடித் தேடி உறைக்குள்ளேயே போய்விட்டாள். கட்டில் மேல் வெள்ளை மூட்டை ஒன்று நகர்கிறது, உள்ளேயிருந்து குரல் வருகிறது.

“சின்னம்மா, வாசல் எந்தப் பக்கம்?”

“தெற்கால போய் திரும்புடி.”

உள்ளேயே சிரிக்க ஆரம்பித்தாள். வெளியே வந்து தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

ஒரு மாசம் முடியும் முன்பே நாங்கள் இருவரும் தேறிவிட்டோம். ஆனால் ஒரே ஒரு துணியிடம் நான் தோற்றேன். அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

அதன் பெயர் ரன்னர். கட்டிலின் குறுக்கே, கால்மாட்டில், அகல நாடா மாதிரி போடுவது. வருகிறவர்கள் பெட்டியை வைப்பார்கள், செருப்புக் காலோடு சாய்ந்தாலும் வெள்ளைத் துணி அழுக்காகாது. எல்லா ஊரிலும் ஏதோ ஒரு துணியில் போடுவார்களாம். நம் முதலாளி, இது பட்டு ஊர் என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று, நம் ஊர்த் தறியிலேயே நெய்யச் சொல்லிவிட்டார். அரக்கு நிறம். இரண்டு முனையிலும் மயில் போட்ட ஜரிகை. கையில் வாங்கினால் கல்யாணப் புடவை மாதிரி கனக்கிறது.

“தம்பி, இது பட்டு” என்றேன்.

“ஆமா ஆயா, சூப்பரா இருக்குதுல்ல.”

“கால்மாட்டுல போடச் சொல்றீங்க.”

“டிசைனே அதான் ஆயா.”

“தலைமாட்டுல போட்டா இன்னா?”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். என்னால் முடியவில்லை அக்கா. தறியில் பாவு போட்டு, பன்னையில் இழை கோர்த்து, மயிலுக்கு ஒவ்வொரு கண்ணாக வைத்து நெய்தவர் யார் என்று எனக்குத் தெரியும், நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அதன் மேல் ஒருவன் காலை நீட்டுவதா? மேனேஜர் சுற்றி வரும்போது கால்மாட்டில் விரிப்பேன். அவர் போனதும் எடுத்து, நாலாக மடித்து, மேஜை மேல் இருக்கும் தட்டில் வைத்துவிடுவேன். ஒரு மாசமாக இதுதான் என் ரகசிய வேலை. யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து மண்டபத்தில் கல்யாண ரிசப்ஷன். ஏழாம் நம்பர் ரூமில் ஒரு பெரியவர் தங்கினார். சேத்துப்பட்டில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று எழுதுகிறேன். ஊரையும் வேலையையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், ஏன் என்று போகப் போகத் தெரியும். பெண்ணின் அப்பாவைச் சின்ன வயதில் விஷக் காய்ச்சலில் இருந்து காப்பாற்றியவராம். மேடையில் அவருக்கு மரியாதை செய்ய அழைத்திருந்தார்கள். முக்கியமான விருந்தாளி என்பதால் தட்டில் இரண்டு ஆப்பிளும் ஒரு முழம் மல்லியும் வைக்கச் சொல்லியிருந்தார் மேனேஜர்.

அந்த ரூமில் இரண்டு கட்டில். செல்வி குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கட்டிலின் பட்டுத் துணியை மடித்து, பூவுக்கும் பழத்துக்கும் பக்கத்தில் தட்டில் வைத்தேன். அடுத்ததை எடுப்பதற்குள் கீழேயிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

பூ, பழம், மடித்த பட்டு. அந்தத் தட்டைப் பார்த்தால் நீ என்ன நினைப்பாய்? அவரை அழைத்துப்போக வந்த கல்யாண வீட்டாரும் அதையேதான் நினைத்தார்கள், மரியாதைத் தட்டு என்று.

மறுநாள் காலை அவர்கள் எல்லாரும் புறப்பட்ட பிறகு, ஏழாம் நம்பரில் ரன்னர் ஒன்று குறைகிறது என்று செல்விதான் போய்ச் சொன்னாள். மறைக்காமல் சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்ததைக் கேள். லாட்ஜ் ரிசப்ஷனில் மேனேஜர், வாட்ச்மேன், வெளுக்கத் துணி எடுக்க வந்தவர், எல்லாரும் நிற்கிறார்கள்.

“ரூமுக்கு நீங்கதான் பொறுப்பு செல்விக்கா. வந்தவர் எண்பது வயசுப் பெரிய மனுசன், அவரா எடுத்துகினு போவாரு? பட்டுன்னா ஆசை வரும், இல்லன்னு சொல்லல. புதன்கிழமைக்குள்ள அது அங்க இருக்கணும். இல்லன்னா நீங்க வியாழக்கிழமையிலேருந்து வர வேணாம்.”

செல்வி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

எனக்கு அப்போது புரியவில்லை. தட்டில் வைத்த துணி எங்கேயோ விழுந்திருக்கும் என்று நினைத்து, கட்டிலுக்கடியில் எல்லாம் தேடினேன். சாயங்காலம் யமுனா வீட்டுக்கு வந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கூடப் படிக்கும் பெண் ஒருத்தி அந்தக் கல்யாணத்துக்குப் போய்ப் படம் போட்டிருந்தாள்.

“ஆயா, இந்தத் தாத்தாவ பாரேன். சால்வை போட்டதும் எப்படி நிமிந்து நிக்கிறாரு.”

“பெரிசு பண்ணு” என்றேன்.

பெரிசு பண்ணினாள். அரக்கு நிறம். தோளிலிருந்து தொங்கும் முனையில் ஜரிகை மயில். மண்டபம் முழுக்கக் கைதட்டிக்கொண்டிருக்கிறது.

இனி நான் எழுதப் போவதை நீ கோபப்படாமல் கேள். திங்கள்கிழமை சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. தட்டில் வைத்தது நான்தான் என்று சொன்னால், ஒரு மாசமாக ஏமாற்றியதும் தெரிந்துபோகும், என் வேலை போய்விடும், யமுனா படிப்பு என்ன ஆகும் என்று யோசித்தேன். அன்றைக்குச் செல்வி என்னோடுதான் பத்து ரூம் செய்தாள். அவள் டூவேயை உதற, நான் மூலையைப் பிடித்தேன். துணி எடுக்க வந்தவர் அவள் பையை ஒரு பார்வை பார்த்தார். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் மகளை அப்படி நிற்க வைத்த ஒரு நாள் எனக்கு இருக்கிறது அக்கா. அதை யார் சொல்லியும் அழிக்க முடியாது.

புதன்கிழமை காலை லீவு சொல்லிவிட்டு சேத்துப்பட்டு பஸ் ஏறினேன். பெரியவர் பெயரும் தெருவும் லாட்ஜ் ரிஜிஸ்டரில் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ‘ஐயா, உங்களுக்குப் போர்த்தியது கட்டிலில் கால்மாட்டில் போடுகிற துணி.’ இதை எந்த வாயால் சொல்வது? பட்டுக்கு மரியாதை கொடுப்பதாக நினைத்து ஒரு மனிதரின் மரியாதையைக் கால்மாட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போது உன் கடைசி நாள் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நம் பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினேன். கண்ணைத் திறக்காமலே கையால் கழுத்தோரம் தடவினாய். நூல் விரலில் பட்டதும், “சரியாத்தான் போட்டுகிற” என்றாய். நீ என்னைப் பாராட்டியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

பெரியவர் வீட்டில் அவருடைய வீட்டம்மாதான் கதவைத் திறந்தார். முட்டிவலியால் கல்யாணத்துக்கு வர முடியாதவர். ஆரணி லாட்ஜிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

“வாம்மா, வா. உக்காரு. எங்க வீட்டுக்காரருக்கு சால்வ போட்டாங்களே, பாத்தியா? அம்பது வருஷம் ஊசி போட்டாரு, ஒருத்தர் ஒரு துண்டு போட்டதில்ல. தெருவுல எல்லாருக்கும் காட்டிட்டேன்.”

பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். காதில் விழாதது மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டம்மா டீ போட உள்ளே போனதும், குரலைத் தாழ்த்தினார்.

“அதுக்குத்தானே வந்த?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

“எனக்குத் தெரியும்மா. அந்த ரூம்ல ரெண்டு மணி நேரம் படுத்துகினு இருந்தேன். எதிர்க் கட்டில்ல இதே மாதிரி ஒண்ணு கால்மாட்டுல கெடந்துச்சு. மேடையில விரிச்சப்பவே தெரிஞ்சுடுச்சு.”

“சொல்லியிருக்கலாமே ஐயா.”

“அத்தினி பேர் கைதட்டிகினு இருக்காங்க. பொண்ணோட அப்பன்தான் போட்டது, அந்தப் பையன் கண்ணுல தண்ணி. இது கட்டில் துணிப்பான்னு நான் சொன்னா அவன் மூஞ்சி இன்னா ஆவும்? அப்பால கொண்டாந்து குடுத்துடலாம்னு பாத்தேன். இவ தெருவெல்லாம் காட்டிட்டா.”

இப்போது உனக்குத் தெரிந்திருக்கும், ஊரையும் வேலையையும் ஏன் மாற்றினேன் என்று. அந்த அம்மாவின் காதுக்கு இது போகக்கூடாது.

நான் செல்வியைப் பற்றிச் சொன்னேன். அவர் பதறிப்போனார். “என் மேல பழி விழுந்தா பரவாயில்ல, வேலைக்கு வந்த பொண்ணு மேலயா?” என்றார். போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார், நானும் பின்னாலேயே போனேன். மேனேஜருக்குப் போட்டார்.

“தம்பி, அந்தப் பட்டுத் துணி என்கிட்ட இருக்குது. அந்தப் பொண்ணு எடுக்கல. நாங்கதான் பாக்காம எடுத்துட்டோம். தப்பு எங்க மேல.”

அதோடு முடிந்திருக்கும் அக்கா. செல்வி தப்பித்தாள், நானும் தப்பித்தேன். அவர் அப்படித்தான் முடித்துக் கொடுக்கப் பார்த்தார். ஆனால் அந்தக் கிழவர் எனக்காகவும் ஒரு பொய்யைச் சுமப்பதா? கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டேன்.

“நான் பச்சையம்மா பேசறேன் தம்பி. அதைக் கால்மாட்டுலேருந்து எடுத்துத் தட்டுல வச்சது நான். ஒரு மாசமா அப்படித்தான் பண்றேன். இவங்க மேலயும் தப்பில்ல, செல்வி மேலயும் இல்ல.”

“ஏன் ஆயா அப்படி வச்சீங்க?”

“பட்டு தம்பி” என்றேன். வேறு என்ன சொல்ல?

உள்ளே போனதும் அந்த அம்மா பீரோவைத் திறந்து, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து என் மடியில் வைத்தார். “நீ ஆரணிக்காரி, தொட்டுப் பாத்து சொல்லு. அசல் பட்டுதானே?”

தடவிப் பார்த்தேன். “நயம் பட்டும்மா. எங்க ஊர்த் தறி. நெய்ஞ்சவரக்கூட எனக்குத் தெரியும்” என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு டீயைக் குடித்தேன். எடுத்துப்போக வந்தவள் வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

மத்தியானம் லாட்ஜுக்குப் போனபோது மேனேஜர் எழுந்து நின்றார். என் வேலை இருக்கிறதா போயிற்றா என்று நான் கேட்கவில்லை.

“தம்பி, செல்வியை எத்தினி பேர் முன்னாடி சொன்னீங்களோ, அத்தினி பேரையும் கூப்பிடுங்க” என்றேன்.

கூப்பிட்டார். வாட்ச்மேன் வந்தார், துணிக்காரர் வந்தார். “செல்விக்கா, நான் அவசரப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க” என்றார். காது சிவந்துவிட்டது அந்தப் பிள்ளைக்கு. முதலாளியிடமும் அவரே பேசினார். பெரியவரிடமிருந்து எதையும் திருப்பி வாங்க வேண்டாம், ஏழாம் நம்பருக்கு வேறு நெய்துகொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். என்னைப் பற்றி, “அந்தம்மாவ ஒண்ணும் கேக்காத, துணிய மட்டும் சொன்ன எடத்துல போடச் சொல்லு” என்றாராம்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் செல்வியும் நானும் காய்ந்த துணி மடித்தோம். நீயும் நானும் மடிப்போமே, அதே மாதிரி. அவள் ஒரு முனை, நான் ஒரு முனை, உதறி இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பது. நான் செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொன்னேன். தெரிந்தும் ஒரு நாள் சும்மா இருந்தேன்டி என்றேன். அவள் முனையை என் கையில் சேர்த்துவிட்டுக் குனிந்து அடுத்த மடிப்பைப் பிடித்தாள்.

“நீ தட்டுல வச்சத நான் பாத்தேன் சின்னம்மா. கதவு தொறந்துதானே இருந்துச்சு.”

“அப்ப ஏன்டி அன்னிக்கே சொல்லல?”

“சொன்னா உன்ன அனுப்பிடுவாங்க. யமுனா படிக்கணும்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். நான் முனையைப் பிடிக்க மறந்து நின்றேன்.

அந்தப் பெரியவர் வாயை மூடிக்கொண்டது இன்னொருவர் முகம் வாடக்கூடாது என்று. உன் மகள் வாயை மூடிக்கொண்டது எனக்காக. நான் மூடிக்கொண்டதும் எனக்காகத்தான். நீ இருந்திருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பாய்? திட்டியிருப்பாயா? பக்கெட்டை எடு என்று மட்டும் சொல்லியிருப்பாயா? பயத்துக்கு எதற்குக் கம்பளி என்று இப்போது கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது. கேட்கத்தான் நீ இல்லை.

இப்போது பட்டைக் கால்மாட்டில்தான் போடுகிறேன். சொன்ன இடத்தில் போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன், வார்த்தை மாறக்கூடாது. விரிக்கும்போது ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன், அதை யாரும் தடுக்கவில்லை. ஆறுதலாக ஒன்று சொல்கிறேன் கேள். டூவே உறையின் வாய்ப்பக்கம், பித்தான் வைத்த பக்கம், எப்போதும் கால்மாட்டுக்குத்தான் வரவேண்டுமாம். எந்தத் தேசத்தில் தைத்தார்களோ தெரியாது, அங்கேயும் தலை எது கால் எது என்று பார்க்கிற ஒருத்தி இருந்திருக்கிறாள். அதனால் புது உறைகளுக்கு உன் நூல் தேவைப்படவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை படையலுக்கு உனக்குப் புடவை வைப்பது செல்வி. நான் ஒரு துப்பட்டி வைக்கிறேன். படையல் முடிந்ததும் அதை அவள் எடுத்துக்கொள்வாள், மார்கழிக்குப் பிள்ளைகளோடு போர்த்திக்கொள்ளட்டும். ஒரு வாக்கும் சேர்த்து வைக்கிறேன். இனி உன் மகள் மேல் ஒரு சொல் விழுந்தால், அது தரையைத் தொடும் முன்பே நான் வாயைத் திறப்பேன். மறுநாள் வரை வைத்திருக்க மாட்டேன்.

துப்பட்டியில் ஒரு ஓரம் சிவப்பு நூல் போட்டிருக்கிறேன். தடவிப் பார்த்துக்கொள். சரியாத்தான் போட்டிருக்கிறேன்.

உன் தங்கச்சி,
செல்விக்குச் சின்னம்மா,
பச்சையம்மா
ஆரணி